வெள்ளிக்கிழமை மட்டும் ஓடாத வண்டி

எங்கள் வீட்டு பேட்டரி சைக்கிளுக்கு வாரத்தில் ஆறு நாள் நல்ல புத்தி இருந்தது. வெள்ளிக்கிழமை காலையானால் அடம் பிடிக்கும். சாவியைத் திருகினால் முன்விளக்கு எரியும், ஹாரன் ஊரைக் கூட்டும், பேட்டரி முள் முழுசாக மேலே நிற்கும். ஆக்ஸிலேட்டரைத் திருகினால் மட்டும் பேச்சு மூச்சு இருக்காது. மின்சாரத்தைப் படித்து, மின்சாரத்திலேயே சம்பளமும் வாங்குகிற எனக்கு இதைவிட ஒரு தலைகுனிவு வேண்டுமா? கிழமை பார்க்கிற வயர் உலகத்திலேயே கிடையாது என்று வீட்டில் கத்திக்கொண்டிருந்தேன். வண்டி என் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வீட்டிலும் யாரும் போட்டுக்கொள்ளவில்லை.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகி, திருத்தணி பஜாரில் பேட்டரி வண்டிகள் புதிதாகத் தலைகாட்டிய நேரம் அது. லைசென்ஸ் வேண்டாம், நம்பர் பிளேட் வேண்டாம், பெட்ரோல் வேண்டாம். சத்தமும் கிடையாது என்பதால், பின்னால் வந்து நின்றால் ஆட்கள் திடுக்கிட்டுத் திரும்பித் திட்டுவார்கள். மாடுகள் அந்த மரியாதையைக்கூடக் கொடுக்காது. நான் அப்போது அரக்கோணத்தில் ஒரு கம்பெனியில் கண்ட்ரோல் பேனல்களுக்கு வயரிங் செய்துகொண்டிருந்தேன். விடியற்காலை ரயிலில் போனால் பொழுது சாயத்தான் திரும்புவேன். அம்மா நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோதே போய்விட்டதால், வீட்டில் நான், அக்கா, நைனா என்று நாங்கள் கூப்பிடும் அப்பா, ஆக மூன்றே பேர்.

வண்டியை அக்காவுக்காகத்தான் வாங்கினேன். குழந்தையில் வந்த போலியோவில் அவளுக்கு இடது கால் சூம்பிவிட்டது. சாய்ந்து சாய்ந்து நடப்பாள், ஆனால் அதிக தூரம் முடியாது. சைக்கிள் மிதிக்கவும் முடியாது. அதனால் பள்ளிக்கூடம், டைப்ரைட்டிங், கல்யாணம், சாவு எல்லாவற்றுக்கும் நைனாவின் சைக்கிள் கேரியரில்தான் போய் வந்தாள். அவள் உட்காருவதற்காக ஒரு பழைய தலையணையை இரண்டாக மடித்து, கேரியரில் கயிறு போட்டுக் கட்டியிருப்பார் நைனா. வழியெல்லாம் இரண்டு பேரும் பேசிக்கொண்டே போவார்கள். அப்படி என்னதான் பேசுவார்களோ, வீட்டில் என்னோடு அவர்கள் அவ்வளவு பேசியதில்லை.

பிறகு அக்காவுக்கு பால்வாடி டீச்சர் வேலை கிடைத்தது. பள்ளிப்பட்டு ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற ஒரு சின்ன கிராமம். காலையில் அந்தப் பக்கம் போகிற பஸ் ஒன்று சேவல் கூவும் முன்பே போய்விடும், அடுத்தது பிள்ளைகளுக்குச் சோறு போடுகிற நேரத்துக்கு வரும். பால்வாடிச் சாவி அக்காவிடம்தான். அவள் போய்த் திறந்தால்தான் பிள்ளைகள் உள்ளே போகலாம். ஆளை வைத்துக்கொண்டு மண் ரோட்டில் மிதிப்பதென்றால் நேரம் பிடிக்கும்தானே. நைனா தினமும் மிதித்தார், தினமும் தாமதமாயிற்று.

ஒருநாள் அவளிடம், "உனக்கு இன்னாக்கா கஷ்டம், ராணி மாதிரி பின்னால உக்காந்துகினு போற" என்று கிண்டல் செய்தேன். அவள் சிரிக்கவில்லை.

"நைனா செருப்பத் தேடிப் போட்டு, சட்டைய மாட்டி, சைக்கிள எடுக்கிற வரைக்கும் வாசல்ல நிக்கிறேன் பாரு, அதாண்டி எனக்குக் கஷ்டம். கால் கூட அவ்ளோ கஷ்டம் இல்ல. ஒரு நாளாவது நானா கெளம்பி நானா போவணும்" என்றாள்.

அதற்குப் பிறகுதான் அரக்கோணத்துச் சம்பளத்தில் வண்டி வாங்கினேன். முதல் நாள் அக்கா அதில் ஏறி, தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தாள். இறங்கச் சொன்னேன், இறங்கவில்லை. இன்னொரு தரம் போனாள். அப்புறம் பஜாருக்குப் போய் வேண்டாத கொத்தமல்லிக்கட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தாள். அவள் முகத்தைப் பார்த்து எனக்கே கண் கலங்கிவிட்டது. நைனா வாசலில் நின்று, "பாத்து, பாத்து" என்று யாரும் கேட்காத அறிவுரையைக் காற்றுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நைனாவுக்கு மலைமேல் கோயில் மடைப்பள்ளியில் வேலை. அவருக்கு முன்னால் அவருடைய நைனாவும் அங்கேதான் இருந்தார். விறகு, தண்ணீர், அண்டா எல்லாம் அவர் பொறுப்பு. வியாழக்கிழமை ராத்திரி முறை முடித்து, வெள்ளிக்கிழமை விடிந்ததும் படி இறங்கி வருவார். வரும்போது சாமி கழுத்திலிருந்து இறக்கிய மாலை ஒன்று கையில் இருக்கும். வண்டி வந்தபின் அந்த மாலை வண்டிக்கே என்று ஆகிவிட்டது. முதலில் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிக் கழுவுவார். பிறகு மஞ்சள், குங்குமம். பிறகு மாலையை ஹேண்டிலில் சுற்றுவார். சும்மா போட்டால் எங்கள் தெருக் குரங்குகள் அது மலையிலிருந்து வந்ததா கடையிலிருந்து வந்ததா என்றெல்லாம் பார்க்காது, உருவிக்கொண்டு ஓடிவிடும். அதற்காக ஆக்ஸிலேட்டர் பக்கத்தை மட்டும் விட்டுவிட்டு, மறுமுனை வரை இறுக்கி இறுக்கிச் சுற்றி, வாழைநாரால் முடிச்சுப் போடுவார். அண்டாவுக்குக் கயிறு கட்டிப் பழகிய கை. ரோஜாவும் அரளியும் மூச்சுவிட முடியாமல் இருக்கும்.

இப்படிக் கொண்டாடிய வண்டிதான் வெள்ளிக்கிழமையில் நின்றது.

முதல் வாரம் எனக்குக் கோபமே வரவில்லை. காரணம் தெளிவாகத் தெரிந்ததாக நினைத்தேன். "தண்ணி ஊத்திக் கழுவினா கனெக்டர்ல இறங்காம இன்னா பண்ணும்? இது எருமை இல்ல நைனா" என்றேன். அவர் முகம் சுருங்கினாலும் கேட்டுக்கொண்டார். அடுத்த வாரம் ஈரத் துணியில் துடைத்ததோடு சரி. அப்போதும் ஓடவில்லை. வியாழக்கிழமை ராத்திரி கரண்ட் போய்ப் போய் வந்ததால் சார்ஜ் ஏறியிருக்காது என்றேன். ராத்திரி முழுக்க கரண்ட் இருந்த வாரத்திலும் ஓடவில்லை. நான் சாயங்காலம் வந்து திருகினால் சமர்த்தாக ஓடும். மாலை வாடித் தொங்க, ஹாரன் அடித்துக்கொண்டு தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வருவேன். சரியாக இருக்கிற வண்டியில் கோளாறு தேடுவது, தூங்குகிற பிள்ளையிடம் ஏன் அழுதாய் என்று கேட்பது போலத்தான்.

எனவே ஒரு வெள்ளிக்கிழமை லீவு போட்டேன். எதிர்பார்த்தபடியே காலையில் நின்றது. மல்டிமீட்டர், ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் வேலையாக மாலையை அவிழ்த்து, கண்ணில் ஒற்றி, சுவர் ஆணியில் மாட்டினேன். சாமி மாலை போட்ட வண்டியில் யாராவது ஸ்க்ரூ டிரைவரை வைப்பார்களா? கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுகிற மாதிரி, கை தானாகச் செய்கிற காரியம் இது. பிறகு மூடியைக் கழற்றி நாலு வயரை அசைத்துப் பார்த்தேன். வண்டி விர்ரென்று ஓடியது. லூஸ் கனெக்ஷன் என்று தீர்ப்புச் சொல்லி, மதியம் வரை மிதப்பாகத் திரிந்தேன். அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் நின்றது.

பிறகு பஜாரில் இருந்த பேட்டரி வண்டி மெக்கானிக்கிடம் நைனா தள்ளிக்கொண்டு போனார். தள்ளும்போது வண்டி தடையில்லாமல் உருண்டது. அக்கா ஆட்டோவில் பின்னாலேயே போனாள். மெக்கானிக் கழுத்தில் சிலுவை டாலர் போட்ட, நிதானமான மனிதர். வண்டியைப் பார்த்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாராம். "சாமி மாலைம்மா. நான் கை வெக்க மாட்டேன். நீங்களே எடுத்துடுங்க" என்று சொல்லியிருக்கிறார். அக்கா எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவர் ஆக்ஸிலேட்டரைப் புதிதாக மாற்றினார். வண்டி ஓடியது. "பாத்தவொடனே தெரிஞ்சிபோச்சிங்க, இதான் கோளாறு" என்றாராம். நானும் லூஸ் கனெக்ஷனை அப்படித்தானே பார்த்தவுடன் கண்டுபிடித்தேன்.

அந்த மண் ரோட்டுக்கு எந்த ஆட்டோவும் வராது என்பதால், ஓடாத வெள்ளிக்கிழமைகளில் நைனா அவளைக் கேரியரில் வைத்துக் கொண்டுபோனார். வண்டி நின்ற நாளில் வீட்டில் சந்தோஷமாக இருந்த ஒரே ஆள் அவர்தான். வாய் வண்டியைத் திட்டும், கை தலையணையைத் தட்டிக் கட்டும். ஆனால் அவர்கள் போய்ச் சேர்வதற்குள் பிள்ளைகள் பூட்டின கதவுக்கு வெளியே வெயிலில் உட்கார்ந்திருப்பார்கள். அப்படி உட்கார்ந்திருந்த ஒரு நாளில் சூப்பர்வைசர் அம்மா வந்துவிட்டார். இனி ஒருமுறை இப்படி நடந்தால் மேலே எழுதிவிடுவேன் என்று எல்லார் எதிரிலும் சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு அக்கா சாப்பிடவில்லை.

நைனாவும் சாப்பிடவில்லை. கை கழுவிவிட்டு வந்து சொன்னார்: "வர்ற வெள்ளிக்கெழமையும் நின்னுச்சின்னா வண்டிய கடக்காரன்கிட்டயே குடுத்துட்லாம். பழையபடி நானே கொண்டாந்து வுடுறேன். நேரத்துக்கு முடியலன்னா வேலைய வுட்டுடட்டும். சாமி நாள்லியே நிக்கிதுன்னா, முருகனுக்கே இஷ்டம் இல்லன்னுதான அர்த்தம்?"

"முருகனுக்கு வேற வேல இல்லியா?" என்று நான் எகிறினேன். அக்கா வண்டிச் சாவியைக் கையில் மூடி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் மறுபடியும் வாசலில் நின்று, இன்னொருவர் செருப்புத் தேடுவதைப் பார்க்கப் போகிறாளா?

அந்த வெள்ளிக்கிழமையும் வந்தது. லீவு போடுவதாகத்தான் இருந்தேன். போடாமல் இருக்கவும் வழியில்லை. விடியற்காலையிலேயே அடிவயிறு பிசைந்து, இந்த மாதக் கணக்கு வந்து சேர்ந்துவிட்டது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வீட்டுப் பக்கவாட்டுச் சந்தில் நிற்கும் வண்டியிடம் போனேன். நைனா வழக்கம்போல மாலையைச் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டு, காபி குடிக்க உள்ளே போயிருந்தார்.

அக்கா ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினாள். ஆக்ஸிலேட்டரைத் திருகினாள். ஒன்றுமில்லை.

என் கை வழக்கம்போல மாலையிடம் போனது, பாதியிலேயே நின்றது. அந்த மூன்று நாளில் எங்கள் வீட்டில் சாமி மாலையைத் தொடக்கூடாது. மடைப்பள்ளி வீடு, கேட்க வேண்டுமா? இது என்ன நியாயம் என்று எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து நைனாவோடு சண்டை போட்டிருக்கிறேன். சண்டையில் ஜெயிக்கவும் செய்வேன். ஆனால் கை மட்டும் நீளாது. வண்டியைத் தொடலாமா என்று கேட்டால், பேட்டரி சைக்கிளைப் பற்றிப் பெரியவர்கள் யாரும் எதுவும் சொல்லி வைக்கவில்லை. அந்த தைரியத்தில், மாலையை அதன் இடத்திலேயே விட்டுவிட்டு, பக்கத்து மூடியைத் திறந்தேன்.

பேட்டரி கம்பீரமாக இருந்தது. அக்காவை ஆக்ஸிலேட்டரைத் திருகச் சொல்லி மீட்டரை வைத்தேன். அங்கிருந்து வர வேண்டிய வோல்டேஜ் ஒழுங்காக ஏறி இறங்கியது. அப்படியானால் "ஓடு" என்கிற உத்தரவு கண்ட்ரோலருக்குப் போய்ச் சேருகிறது. கேட்டும் அது மோட்டாரை ஓட விடவில்லை. யாரோ அதே நேரத்தில் "வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். இந்த வண்டிகளில் வேண்டாம் என்று சொல்கிற அதிகாரம் ஒருவருக்குத்தான் உண்டு. பிரேக். பிரேக் பிடியைக் கொஞ்சம் தொட்டாலே, அதற்குள் இருக்கிற சின்ன ஸ்விட்ச் மோட்டாரை நிறுத்திவிடும். சக்கரத்தை பிரேக் கட்டை பிடிப்பதற்கு வெகு முன்பே இது நடந்துவிடும்.

"அக்கா, பிரேக்ல கை வெச்சிகினு கீறியா?"

"இல்லியேடி. இதோ பாரு" என்று இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள்.

இடுப்பு வலி தாங்காமல் எழுந்து நின்று பின்னால் சாய்ந்தேன். அப்போதுதான் பார்த்தேன். சந்தில் இன்னும் வெளிச்சம் வரவில்லை. வண்டிக்குப் பின்னால் இருந்த சுண்ணாம்புச் சுவரில், குங்குமத் தட்டு அளவுக்குச் சிவப்பாக ஒரு வெளிச்சம். பின்பக்கத்து பிரேக் லைட் எரிந்துகொண்டிருந்தது. யாருமே தொடாத பிரேக்குக்கு லைட் எரிந்துகொண்டிருந்தது. வண்டியில் உட்காருகிறவளுக்கு அது தெரியாது. முன்னால் நின்று திட்டுகிறவர்களுக்கும் தெரியாது. பின்னால் போய்ப் பார்க்க வேண்டியவள் மாலையைத்தான் முதலில் கழற்றிவிடுவாளே.

"அக்கா, மாலைய எடு. நீ எடு, நான் தொடக்கூடாது. சீக்கிரம்!"

அவள் வாழைநார் முடிச்சோடு மல்லுக்கட்டி, ஒரு சுற்று, இரண்டு சுற்று என்று உருவினாள். இடது கைப்பிடியையும் பிரேக் பிடியையும் சேர்த்துப் பிடித்து அமுக்கியிருந்த பூக்கட்டு விலகியது. பிரேக் பிடி டிக்கென்று தன் இடத்துக்குப் போனது. சுவரில் இருந்த சிவப்பு அணைந்தது. நான் சொல்லாமலே அக்கா ஆக்ஸிலேட்டரைத் திருகினாள். வண்டி அவளைத் தூக்கிக்கொண்டு சந்தைத் தாண்டி, வாசலைத் தாண்டித் தெருவுக்கே போய்விட்டது.

மாலை புதுசாக, ஈரமாக, தடியாக இருக்கிற காலை நேரத்தில் பிரேக்கை அமுக்கும். சாயங்காலத்துக்குள் பூ வாடி இளைத்துவிடும், கட்டு தளர்ந்துவிடும், வண்டி ஓடும். நானும் மெக்கானிக்கும் பக்தியோடு கோளாறைக் கழற்றி ஓரம்கட்டிவிட்டு, அப்புறம் உட்கார்ந்து கோளாறைத் தேடியிருக்கிறோம்.

எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. நைனா காபி டம்ளரை வைத்துவிட்டு, தலையணையோடு வாசலுக்கு வந்துகொண்டிருந்தார்.

"நைனா! வேணும்னேதான் செஞ்சியா?"

"இன்னா செஞ்சேன்?"

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். அக்கா தெருவைச் சுற்றித் திரும்பி வந்ததும், வண்டியைச் சந்தில் பழைய இடத்திலேயே நிறுத்தி, அவளிடம் மாலையை மறுபடி சுற்றச் சொல்லி, சுவரில் சிவப்பு வருவதைக் காட்டினேன். அவிழ்க்கச் சொல்லி, அணைவதைக் காட்டினேன். அவர் தானே இன்னொரு தரம் செய்து பார்த்தார். தலையணை கையிலிருந்து எப்போது விழுந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

"அப்போ சாமி நிறுத்தலியா?" என்றார்.

"சாமி எங்க நிறுத்துச்சி? நீ கட்ன கட்டு அப்படி."

நைனா சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டே துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார், துடைத்துக்கொண்டே இருந்தார். "நான் பயந்துட்டேம்மா. அவ தனியா போறது சாமிக்கே புடிக்கலியோன்னு எல்லா வாரமும் படியெறங்கி வர்றப்போ பயந்துகினுதான் வந்தேன். அதான் இன்னும் இறுக்கிக் கட்னேன்" என்றார். எனக்குக் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அதற்குள் அக்கா சாப்பாட்டுப் பையை முன்கூடையில் போட்டுக்கொண்டு, "நேரமாவுது, நீங்க பேசிகினு இருங்க" என்று சொல்லிவிட்டுப் போயே போய்விட்டாள். அன்றைக்கு பால்வாடி நேரத்துக்குத் திறந்தது.

அடுத்த வாரத்திலிருந்து மாலை முன்கூடைக்கு இடம் மாறியது. நாலு கம்பியில் கோத்துக் கட்டினால் குரங்காலும் உருவ முடியவில்லை. மெக்கானிக்கிடம் போய்ச் சொன்னபோது, அவர் கொஞ்சம் யோசித்து, "ஆனா ஆக்ஸிலேட்டரும் வீக்காதாங்க இருந்துச்சி" என்றார். நைனா மலைமேல் ஒரு ஆள் விடாமல் எல்லாரிடமும் இந்தக் கதையைச் சொன்னார். வேக வேகமாகச் சொன்னதில் கதை கொஞ்சம் மாறி, மலை மாலைக்குத் தானாகவே பிரேக் பிடிக்கிற சக்தி உண்டு என்கிற அளவுக்கு வந்து நின்றது. அதை நான் திருத்தப் போகவில்லை.

அப்புறம் சில மாதங்கள் கழித்து, கம்பெனிக்கு லீவாக இருந்த ஒரு வெள்ளிக்கிழமை. தூங்கி எழுந்து சந்துப் பக்கம் வந்தேன். வெளிச்சம் சரியாக வரவில்லை. சுண்ணாம்புச் சுவரில் சிவப்பாக ஒரு வட்டம்.

ஹேண்டிலைப் பார்த்தேன். மாலை கூடையில் இல்லை. கைப்பிடியையும் பிரேக் பிடியையும் சேர்த்துச் சுற்றியிருந்தது. அக்கா குளித்து, தலை வாரி, சாப்பாட்டுப் பையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவள் வழக்கமாகக் கிளம்ப இன்னும் அரை மணிக்கு மேல் இருந்தது. நைனா அலமாரி மேலிருந்து தலையணையை இறக்கி, வெளியே கொண்டுவந்து, தூசி போகத் தட்டிக்கொண்டிருந்தார்.

நான் வாயைத் திறந்தேன். அக்கா என்னைப் பார்த்தாள். சின்ன வயதில் நான் யாரையாவது போட்டுக் கொடுக்கப் போகும்போது பார்ப்பாளே, அந்தப் பார்வை.

"வண்டி ஸ்டார்ட் ஆவலடி. நைனா கொண்டாந்து வுடுறேன்னுச்சி" என்றாள்.

"ஆங்" என்றேன்.

"ஒரு வண்டிய ஓட வெக்க முடியல, இவ படிச்ச படிப்ப கொண்டுபோய் ரயில்லியே வுட்டுட்டு வந்துடட்டும்" என்று நைனா கேரியரில் தலையணையைக் கட்டினார். வண்டி நின்ற பக்கம் அவர் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. அவருக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். அக்கா அவர் தோளைப் பிடித்து ஏறி உட்கார்ந்தாள். தெருமுனை திரும்புவதற்குள்ளேயே பேச்சு ஆரம்பித்துவிட்டது. இரண்டு பேரும் சிரிப்பது எனக்கு வாசல் வரை கேட்டது.

சந்துக்குத் திரும்பி வந்து முடிச்சைப் பார்த்தேன். வாழைநாரை இரண்டு காது வைத்து, ரிப்பன் மாதிரி போட்டிருந்தது. பால்வாடிப் பெண் பிள்ளைகளுக்கு அக்கா கட்டிவிடுகிற முடிச்சு. பேட்டரி இறங்கிவிடக் கூடாதே என்று சாவியை மட்டும் ஆஃப் செய்தேன். மாலையைத் தொடவில்லை. அன்றைக்கு நான் தொடுவதற்கு எந்தத் தடையும் இல்லை.